இழப்பீடுதான் முதல் மருந்து

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்றதும் 2009-இல் உலகைக் கலங்கடித்த பன்றிக் காய்ச்சல்தான் பலருக்கு நினைவு வருகிறது. இரண்டும் வேறு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் வைரஸ் மனிதரைத் தொற்றாது. வீட்டுப் பன்றியைப் பிடித்தாலோ பெரும்பாலும் பிழைக்க விடாது. 1921-இல் கென்யாவில் கண்டறிந்து சொல்லப்பட்ட நோய், 2007-இல் ஜார்ஜியாவையும் 2018-இல் சீனாவையும் 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசத்தையும் எட்டியது. ஜார்ஜியாவுக்குக் கப்பலில் மிஞ்சிய உணவுக் கழிவோடு வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இத்தனை தூரத்தைப் பன்றி நடந்து கடக்கவில்லை. உறைந்த இறைச்சியில் மாதக்கணக்கில் அழியாதிருக்கும் இந்த வைரஸை ஓட்டல் எச்சிலிலும் லாரிச் சக்கரத்திலும் செருப்பிலும் மனிதர்தான் ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். ஆகவே நோயைத் தடுப்பது, பன்றி வளர்ப்பவர் எடுக்கும் முடிவில்தான் இருக்கிறது.

அந்த முடிவு எளிதல்ல. மிசோரமில் 2021-இல் மட்டும் 33,000-க்கும் அதிகமான பன்றிகள் செத்தன. அங்கே இரண்டு மூன்று பன்றிதான் ஒரு குடும்பத்தின் சேமிப்பு. ஒன்றுக்குக் காய்ச்சல் என்று கால்நடைத் துறைக்குச் சொன்னால், ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் நல்ல பன்றிகளும் அழிக்கப்படும். சொல்லாமல் அறுத்து விற்றால் கையில் காசு. அந்தக் கறியோடு வைரஸும் அடுத்த ஊருக்குப் போகும். அழிக்கப்படும் பன்றிக்குத்தான் இழப்பீடு, நோயில் செத்ததற்கு இல்லை என்ற ஏற்பாடு முந்திச் சொல்லத் தூண்டும் என்பது சரியே. ஆனால் முந்திச் சொன்னவரின் பணமும் மாதக்கணக்கில் இழுபட்டால், அடுத்த முறை அந்த ஊரில் யார் வாய் திறப்பார்?

தடுப்பூசி வந்துவிடும், அதுவரை பொறுக்கலாம் என்பார்கள். வியட்நாம் 2022-இல் ஒரு தடுப்பூசிக்கு அனுமதி தந்து, ஊசி போட்ட பன்றிகள் சில இறந்ததும் நிறுத்திவைத்தது. 2023-இல்தான் நாடு முழுதும் அனுமதித்தது. வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் என்பதால், அது மீண்டும் வீரியம் பெறுமோ என்ற அச்சம் தீரவில்லை. இந்த நோயைச் சுமக்கும் காட்டுப்பன்றியை யார் கட்டுப்படுத்துவது என்ற கேள்விக்குச் செக் குடியரசு விடை சொன்னது: 2017-இல் ஸ்லின் பகுதியில் காட்டுப்பன்றிகளுக்கு நோய் வந்தபோது வேலியிட்டு, சடலங்களைத் தேடி அகற்றி, வேட்டையை முறைப்படுத்தி, தடுப்பூசி இல்லாமலே ஓராண்டுக்குள் அந்தத் தொற்றை அடக்கினார்கள். இழப்பீடு கஜானாவுக்குச் சுமை என்ற வாதமும் நிற்காது. ஓர் ஊரின் இழப்பீட்டை மிச்சம்பிடித்தால் ஒரு மாவட்டத்துக்கே கொடுக்க நேரும்.

பன்றிக்குக் காய்ச்சல் கண்டால் விற்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படிச் சொன்னவரின் இழப்பீட்டை, பன்றியை அழிக்கும் அன்றே அரசு கையில் கொடுக்க வேண்டும்.