தாய் கட்டிக்கொடுத்த சோறு

பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் குஞ்சு இறக்கும் நாளன்று எல்லாக் குஞ்சும் ஒரே மாதிரிதான் தெரியும். மூன்று நான்கு நாளில் சில மட்டும் வயிறு உப்பி, தொப்புள் ஈரமாகி, புரூடர் விளக்கடியில் ஒடுங்கும். செத்ததை அறுத்துப் பார்த்தால் கரையாத மஞ்சள் கரு, கெட்ட வாடையோடு. பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவின் வேலை.

21 நாள் அடைக்காலம் முடியும் தறுவாயில், மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. முதல் இரண்டு மூன்று நாளுக்குத் தாய் கட்டிக்கொடுத்த சோறு அதுதான். தீனி, தண்ணீர் இல்லாமல் குஞ்சுகளை வண்டியேற்றி அனுப்ப முடிவதும் அதனால்தான். தாய்க்கோழி கண்ட நோய்களுக்கும் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளுக்கும் உண்டான எதிர்ப்பொருள்களும் அதில் இருக்கின்றன. இரண்டு மூன்று வாரத்தில் அவை தேய்ந்துவிடும். அதற்குள் குஞ்சு தன் சொந்த எதிர்ப்பைத் தேடிக்கொண்டாக வேண்டும். தொப்புள் சரியாக மூடாத குஞ்சுக்குள் நுழையும் கிருமியோ அந்தக் கருவைத் தின்றே பெருகுகிறது. சத்தும் போச்சு, எதிர்ப்பொருளும் போச்சு.

சொந்த எதிர்ப்பு உருவாகும் இடம், மலவாய்க்கு மேலே ஒட்டியிருக்கும் 'பர்சா' என்ற சின்னப் பை. அது எதற்கென்று நூற்றாண்டுகளாக யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவின் ஓஹையோவில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் பர்சாவை வெட்டியெடுத்த கோழிகளை, வகுப்பில் செய்முறை காட்ட சக மாணவர் டிமதி சாங் வாங்கிப்போனார். சால்மோனெல்லா ஊசி போட்டும் அவற்றில் எதிர்ப்பொருள் சுரக்கவில்லை. இதைப் பற்றி எழுதி, 'சயின்ஸ்' இதழ் வேண்டாமென்ற கட்டுரை 1956-இல் ஒரு கோழியியல் இதழில் வந்தது. இன்று மனித உடம்பில் எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களைப் பற்றிப் பேசுவதெல்லாம் அங்கே தொடங்கியதுதான்!

ஈ.கோலை தாக்கிய குஞ்சுகளில் இந்த பர்சா சுருங்குவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட குஞ்சு பிழைத்தாலும், முதல் வாரத்தில் விடும் ராணிக்கெட் நோய்த் தடுப்புச் சொட்டு மருந்துக்கு அதனிடம் சரியான பதில் எழாமல் போகலாம். பழி மருந்தின்மேல் விழும். கோளாறு பல சமயம் தாய்ப்பண்ணையில் தரையில் கிடந்த அழுக்கு முட்டையை அடைக்கு வைத்ததில் இருக்கும். ஆன்டிபயாடிக்கை நம்பி இதைச் சரிக்கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதை இந்தியா 2019-இலேயே தடை செய்துவிட்டது.

அதற்காகக் குஞ்சைக் கிருமியே அண்டாமல் வளர்க்கவும் முடியாது. வளர்ந்த கோழியின் குடலிலுள்ள பாக்டீரியாக்களைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா குடலில் குடியேறுவது தடைபடும் என்று பின்லாந்தின் நூர்மியும் ரன்டாலாவும் 1973-இல் காட்டினார்கள். தாயோடு குப்பை கிளறும் நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு அது தானாகக் கிடைக்கிறது. பொரிப்பகத்துக் குஞ்சுக்குத்தான் முதல் நாள் தண்ணீரில் புரோபயாடிக் கலக்க வேண்டியிருக்கிறது.