அரசு வக்கீலின் ஒரு கையெழுத்து... எவ்வளவு பெரிது தெரியுமா?

2000 ஜூலை 30. காஜனூர் வீட்டில் இருந்த கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கும்பல் கடத்தியது. பெங்களூரு கொந்தளித்தது, கடைகள் அடைபட்டன, பஸ்கள் நின்றன. காட்டிலிருந்து வந்த கோரிக்கைகளில் என்னவெல்லாம் இருந்தன தெரியுமா? காவிரி நீர், பெங்களூரில் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையின் திறப்பு, ‘தடா’ எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் சிறையிலிருந்த கைதிகள் விடுதலை!

★ கைதிகளை விடுவிக்க வழக்கை வாபஸ் வாங்க வேண்டும். அது முதலமைச்சரால்கூட முடியாது, தெரியுமா? அன்றிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321-ஆம் பிரிவின்படி, மனுப் போட வேண்டியவர் அரசு வக்கீல். மேலிடம் சொன்னது என்பதற்காகப் போடக்கூடாது. ஆவணங்களைப் படித்து, பொதுநலனுக்கு இதுவே நல்லது என்று அவருக்கே பட வேண்டும். அதன்பின் கோர்ட்டும் சம்மதிக்க வேண்டும்!

★ அன்று சிறப்பு அரசு வக்கீல் மனுப் போட்டார். மைசூரு தடா கோர்ட்டும் சம்மதித்தது. தடுத்தது யார் தெரியுமா? 1992-இல் வீரப்பன் கும்பலின் தாக்குதலில் பலியான எஸ்.ஐ. ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம்! பிள்ளையைப் பறிகொடுத்த அந்தப் பெரியவர் உச்ச நீதிமன்றப் படியேறினார். நவம்பர் 7-இல் வாபஸ் ரத்து! பார்க்க வேண்டிய விவரங்களைப் பார்க்காமலே அரசு வக்கீல் மனுப் போட்டுவிட்டார் என்றது தீர்ப்பு. எட்டாம் நாளே, 108 நாள் சிறைவாசம் முடிந்து ராஜ்குமார் உயிரோடு திரும்பினார்!

★ பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர நாட்களில் அரசு வக்கீலாக இருந்தவர் ஃபூக்கியே-தன்வில். ராணி மரி அந்துவானெத் முதல் புரட்சித் தலைவர் தாந்தோன் வரை கில்லட்டினுக்கு அனுப்பியவர். தனக்குப் பதவி கிடைக்க உதவிய உறவினர் தேமூலனையும் விடவில்லை! ‘மேலிடத்து உத்தரவைத்தான் நிறைவேற்றினேன்’ என்று வாதாடியும், 1795 மே 7-இல் அவர் தலையும் உருண்டது.

★ 1909 பிப்ரவரி 10-இல், ஆங்கிலேயரை எதிர்த்த புரட்சியாளர்கள் மீதான அலிப்பூர் குண்டு வழக்கில் ஆஜரான அரசு வக்கீல் அசுதோஷ் பிஸ்வாஸ், கோர்ட் வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட சாரு சந்திர பாசு, ஊனமான கையில் ரிவால்வரைக் கட்டிக்கொண்டு வந்தவர்!

துப்பாக்கிக்கும் மேலிடத்துக்கும் நடுவில் நிற்பவர் அரசு வக்கீல். இரண்டுக்கும் அஞ்சாமல் அவர் நின்றால்தான் நமக்கு நீதி. இன்னொன்று தெரியுமா? அந்த 321-ஆம் பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தின் 360-ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் பேச வாய்ப்பு தராமல் எந்தக் கோர்ட்டும் வழக்கு வாபஸை அனுமதிக்க முடியாது!