ஆலைகள் மறைந்த ஊர்களில்

புதுடெல்லி லோதி ரோட்டை அடுத்த லோதி காலனி, 1940-களில் ஆங்கிலேய அரசு தன் ஊழியர்களுக்கெனக் கட்டிய குடியிருப்பு. கடந்த பத்தாண்டுகளில் உள்நாட்டு, அயல்நாட்டு ஓவியர்கள் அதன் சுவர்களில் பெரும் ஓவியங்களைத் தீட்டியுள்ளனர். அவற்றைக் காணவே இன்று பலர் வருகின்றனர். வீடுகள் அரசுக்கு உரியவை. ஆதலால் இடத்தின் புகழ் வளர்ந்தபோதும் வாடகை உயர்ந்து எவரும் வெளியேற நேரவில்லை.

பழைய ஆலைப் பகுதிகளின் நிலை வேறு. சென்னைப் பெரம்பூர் வட்டாரத்தின் அடையாளமாக விளங்கியவை பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். அத்தொழிலாளர்களுக்காகவே 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதனை வழிநடத்தினர். 1996-இல் ஆலை மூடப்பட்டது. அந்நிலத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன.

மும்பையில் ஆலைப் பகுதிக்கு 'கிரண்காவ்', அதாவது ஆலையூர், என்றே பெயர். 1982-இல் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பல ஆலைகள் அதன்பின் மீளவில்லை. ஆலை நிலத்தை மாநகராட்சி, பொது வீட்டுவசதி, உரிமையாளர் என மூன்றாகப் பகிர 1991-இல் விதி வந்தது. 2001-இல் அது திருத்தப்பட்டு, ஆலைக் கட்டடங்கள் இல்லாத வெற்றிடம் மட்டுமே பகிர்வுக்கு உரியதாயிற்று. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. தொழிலாளர் வீடுகளுக்கும் பூங்காக்களுக்கும் கிடைத்திருக்கக்கூடிய நிலம் பெரிதும் சுருங்கியது. வணிக வளாகங்களும் உயர்மாடங்களும் பெருகின.

புதுப்பித்தல் தீதன்று, பூட்டிக் கிடக்கும் ஆலையால் எவருக்கும் பயனில்லை. ஆனால் ஓர் ஊரின் அடையாளம் அங்கு வாழ்ந்து உழைத்தவர்களிடமே உள்ளது. அவர்கள் தங்குவதற்கு இடம் வைப்பதும் வைக்காததும் விதிகளை வகுப்போர் கையில் இருக்கிறது.

வங்கியாளராகிய நமக்கும் இதில் பங்குண்டு. வீட்டுக்கடன் வழங்கும்போது மனையின் மதிப்பைக் கணக்கிடுகிறோம். எதிரிலுள்ள தையற்கடையின் எதிர்காலம் அக்கணக்கில் வருவதில்லை. 2020-இல் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் தெருவோர வணிகர்களுக்குப் பிணையமின்றிக் கடன் கிடைக்கிறது. புதுக் குடியிருப்புகளின் வாயிலில் கடை வைத்திருப்போருக்கு அதனை எடுத்துச் சொல்வது நம் கடமை.

ஆலை நிலத்தில் வீடு வாங்கும் வாடிக்கையாளர்கள் வில்லங்கச் சான்று, நிலப் பயன்பாட்டு மாற்ற ஆணை, ரெரா பதிவு ஆகியவற்றை முதலில் சரிபார்க்க வேண்டுகிறோம். குடியேறிய பின், அவ்வூரின் பழைய கடைகளிலும் பொருள் வாங்குங்கள். அங்கு நெடுநாள் வாழ்ந்தவர்களுடன் பேசிப் பழகுங்கள். நீங்கள் வாங்கிய மனையின் வரலாறு அவர்களுக்குத் தெரியும்.