இரண்டு மலை, நடுவில் சூரியன்: எல்லாக் குழந்தைகளும் ஏன் ஒரே படத்தை வரைகிறார்கள்?

மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ‘உனக்குப் பிடிச்சதை வரை’ என்று சொல்லிப் பாருங்கள். என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். முக்கோணமாக இரண்டு மலை, இடுக்கில் பாதி சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஓரத்தில் ஒரு ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை மரம், வானத்தில் டிக் அடித்ததுபோல நாலைந்து பறவைகள். நீங்களும் இதையேதான் வரைந்திருப்பீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், கண்ணுக்கு எட்டிய தூரம் வயல் மட்டுமே தெரியும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் குழந்தையும் இதே மலையைத்தான் வரைகிறது. வேளச்சேரியில் ஏழாவது மாடியில் குடியிருக்கும் குழந்தையும் இதே ஓட்டு வீட்டைத்தான் வரைகிறது. கண்ணால் பார்த்தது தாளில் வரவில்லை. ‘படம்னா இதுதான்’ என்று எங்கோ கற்றுக்கொண்டது வருகிறது. ‘சீனரி’ என்று அதற்குப் பெயரே உண்டு.

சீனரிக்கு முன்னால் என்ன இருந்தது?

அதே குழந்தை நான்கு வயதில் வரைந்த படம் வீட்டில் எங்காவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு பெரிய வட்டம், அதற்குள் இரண்டு கண், வட்டத்திலிருந்தே நேராகக் கிளம்பும் கால்கள். வயிறு கிடையாது, கழுத்து கிடையாது. ‘இது அம்மா’ என்று அது சொல்லியிருக்கும். உலகம் முழுவதும் குழந்தைகள் மனிதரை முதலில் இப்படித்தான் வரைகிறார்கள். தலைப்பிரட்டைபோல இருப்பதால் ஆய்வாளர்கள் அந்தப் பெயரிலேயே இதைக் குறிப்பிடுகிறார்கள்.

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் லோவன்ஃபெல்டு, 1947இல் வெளியிட்ட ‘கிரியேட்டிவ் அண்ட் மென்டல் குரோத்’ நூலில் இந்த வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்தார். சுமார் 2 முதல் 4 வயது வரை கிறுக்கல். 4 முதல் 7 வரை முதல் உருவங்கள். 7 முதல் 9 வரை குழந்தை தனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொள்கிறது: தாளின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது தரை, மேலே நீலப் பட்டை போட்டால் வானம், நடுவில் இருப்பது காற்று. வீட்டுச் சுவர் கண்ணாடிபோல ஆகி, உள்ளே தாத்தா கட்டிலில் படுத்திருப்பதும் தெரியும். முக்கியமான ஆள் பெரியதாக இருப்பார், அவர் வீட்டைவிட உயரமாக இருந்தாலும் சரி.

பெரியவர்களின் கண்ணுக்கு இவையெல்லாம் தப்பு. ‘சுவருக்குள்ள எப்படிடா தாத்தா தெரிவார்?’ என்று கேட்டு அழிரப்பரை நீட்டுவோம். பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் ஆன்ரி லூக்கே 1927இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. தாத்தா உள்ளே இருப்பது அதற்குத் தெரியும். அப்புறம் எப்படி விடுவது?

சிக்கல் ஒன்பது வயதுவாக்கில் ஆரம்பிக்கிறது. தன் படம் நிஜம்போல இல்லை என்பது குழந்தைக்கே உறைக்கும் வயது அது. பக்கத்து பெஞ்சுப் பையனின் படத்தைப் பார்க்கிறது, தன்னுடையதைக் கையால் மறைத்துக்கொள்கிறது. ‘எனக்கு வரைய வராது’ என்ற வாக்கியம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஐ.டி. அலுவலகத்தில் ஒயிட்போர்டு முன்னால் மார்க்கரோடு நிற்கும்போது ‘எனக்கு டிராயிங் வராது, கண்டுக்காதீங்க’ என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களின் கதையும் இதே நான்காம் வகுப்பில்தான் தொடங்கியிருக்கும்.

அந்த நேரத்தில் சீனரி ஒரு பாதுகாப்பான ஏற்பாடு. தப்பாகவே போகாது. மிஸ் ‘வெரி குட்’ போடுவார், ஒரு ஸ்டாரும் கிடைக்கும்.

பார்த்து வரைவது தப்பா?

இங்கே இரண்டு கட்சி உண்டு. வியன்னாவில் 1897இல் சிறுவர்களுக்கென்றே ஓவிய வகுப்பு தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக் முதல் கட்சி. குழந்தையை அதன் போக்கில் விடுங்கள், பெரியவர்கள் கை வைக்காதீர்கள் என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய வகுப்புப் படங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று பிற்காலத்தில் சொன்னவர்கள் உண்டு.

மறு கட்சி பிரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் தம்பதி. குழந்தைகள் படம் வரையக் கற்பது பெரும்பாலும் மற்ற படங்களைப் பார்த்துத்தான் என்று 1977இல் எழுதினார்கள். காமிக்ஸ், டிவி, அண்ணன் வரைந்த கார் எல்லாம் குழந்தைக்குப் பாடப்புத்தகம். பேச்சைக் கேட்டுத்தானே பேசக் கற்கிறோம், அதுபோல.

இரண்டாவது வாதம்தான் நம் அனுபவத்துக்கு நெருக்கம். கோலத்தை யாரும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. பாட்டி போடுவதைப் பார்த்து, ஐந்து புள்ளியில் தொடங்கி, தப்பாகி, காலால் அழித்து, மறுபடி போட்டுத்தான் கை பழகுகிறது. அதற்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது தனிக் கதை; சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் 1970களில் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கணமாகவே ஆராய்ந்தார்கள். ஆனால் பாட்டிக்கு நூறு கோலம் தெரியும். வகுப்பறையில் பார்த்து வரைய இருப்பது ஒரே ஒரு படம். இடது பக்கத்தில் அச்சடித்த மாம்பழம், வலது பக்கத்தில் காலி இடம் என்று விற்கும் டிராயிங் நோட்டுகளின் கோளாறும் இதுவே. மாம்பழத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமலேயே குழந்தை மாம்பழம் வரைந்து முடித்துவிடுகிறது.

பள்ளியில் யார் சொல்லித் தருகிறார்கள்?

சட்டப்படி பார்த்தால், தொடக்கப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியரே கிடையாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8ஆம் வகுப்பு வரையில் நூறு மாணவர்களுக்கு மேல் இருந்தால்தான் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 1 முதல் 5 வரை அப்படி எதுவும் இல்லை. 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு தொகுப்பூதியம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை போராடியும் இருக்கிறார்கள். அவர்களும் ஆறாம் வகுப்புக்கு மேலேதான். அதாவது, ‘எனக்கு வராது’ என்று குழந்தை முடிவெடுத்து ஓரிரு ஆண்டு கழித்துத்தான் ஓவிய ஆசிரியர் வகுப்புக்குள் நுழைகிறார்.

ஈராசிரியர் பள்ளியில் தமிழ், கணக்கு, சத்துணவு, பதிவேடு எல்லாம் ஒரே தலையில் விழும்போது ஓவிய வகுப்பு என்பது நோட்டு திருத்தக் கிடைத்த நேரம். ‘ஏதாவது வரைங்க, சத்தம் வரக் கூடாது.’ அந்த ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வரைந்தால் கணக்கு வருமா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘ஓவியம் மூளையை வளர்க்கும்’ செய்திகளைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஹார்வர்டின் ப்ராஜெக்ட் ஜீரோவில் எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் இருவரும் 1950 முதல் வந்த ஆய்வுகளைத் திரட்டி 2000இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓவியம் கற்பதால் மற்ற பாடங்களில் மதிப்பெண் கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. கலை ஆர்வலர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு அதே குழு நல்ல ஓவிய வகுப்புகளில் உட்கார்ந்து, அங்கே உண்மையில் என்ன கற்கிறார்கள் என்று பார்த்தது: உற்றுக் கவனிப்பது, பாதியில் விடாமல் தொடர்வது, இல்லாததை மனதில் கற்பனை செய்வது, தன் வேலையைத் தானே எடைபோடுவது. மார்க்குக்காகச் சேர்ப்பதாக இருந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். இவற்றுக்காக என்றால் வேறு விஷயம்.

டிராயிங் மாஸ்டர் இல்லாமல் முடியுமா?

முடியும். வரையத் தெரியாத ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடியவைதான் இவை. முதலில் தலைப்பை மாற்ற வேண்டும். ‘இயற்கைக் காட்சி’ என்றால் சீனரிதான் வரும். ‘நேத்து மழையில ஸ்கூல் விட்டு எப்படி வீட்டுக்குப் போன?’ என்று பத்து நிமிடம் பேசுங்கள். செருப்பு கையிலா காலிலா, புத்தகப் பை நனைந்ததா, யார் குடை பிடித்தார்கள்? லோவன்ஃபெல்டு செய்ததும் இதுதான்: அனுபவத்தை முதலில் கிளறிவிட்டு, அப்புறம் தாளைக் கொடுப்பது. மலை தானாகக் காணாமல் போகும்.

பெரிய வகுப்பென்றால் அவரவர் செருப்பைக் கழற்றி முன்னால் வைத்து வரையச் சொல்லலாம். நாற்பது குழந்தைகள், நாற்பது செருப்பு; ஒன்றுபோல இன்னொன்று வராது. அறுந்து ஊக்கு குத்திய வார் அப்படியே படத்தில் வரும். பக்கத்தைப் பார்த்துக் காப்பியடிக்கவும் வழியில்லை.

பொருளுக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு பக்கம் அச்சான தாளின் மறுபக்கம், தண்ணீரில் நனைத்த சாக்பீஸ், அடுப்புக்கரி, செங்கல் துண்டு, களிமண். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தொட்டால் பூ அச்சு. 24 கிரேயான் டப்பாவைவிட சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றே வாட்டர் கலர் கொடுப்பது நல்லது. பச்சை எங்கே என்று குழந்தை தேடும். கலந்து பார்த்துக் கண்டுபிடிக்கும்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ‘என்னது இது, நாயா?’ என்று கேட்காதீர்கள். அது குதிரையாக இருந்தால் முடிந்தது கதை. ‘இதுல என்ன நடக்குது, சொல்லு’ என்றால் போதும். இன்னொன்று, குழந்தையின் தாளில் உங்கள் பென்சில் படக் கூடாது. யானை வரைந்து காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு தாளில் காட்டுங்கள், இரண்டு மூன்று விதமாக. ஸ்டார், பத்துக்கு எட்டு எல்லாம் வேண்டாம்.

படத்தின் பின்பக்கம் தேதி எழுதி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஜூன் மாதத்து மனிதருக்குக் கழுத்து இருக்காது. டிசம்பரில் கழுத்து வந்திருக்கும், சட்டையில் பட்டனும் வந்திருக்கும்.