வேலைக் கணக்கில் விட்டுப்போன கடன்

2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடந்த காலநிலை மாநாட்டில் பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை கூட்டாக ஓர் அறிவிப்பை வெளியிட்டன. தென்னாப்பிரிக்கா நிலக்கரியைக் கைவிட்டுக் காற்றுக்கும் சூரிய ஒளிக்கும் மாறுவதற்கு 850 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்றன. இந்த ஏற்பாட்டுக்கு 'நியாயமான மாற்றம்' என்று பெயர். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இந்தோனேசியாவுக்கு 2,000 கோடி டாலர், வியட்நாமுக்கு 1,550 கோடி டாலர், செனகலுக்கு 250 கோடி யூரோ என்று அதே அச்சில் ஒப்பந்தங்கள் வரிசைகட்டின. இந்தியாவிடமும் பேசிப் பார்த்தார்கள், டெல்லி பிடிகொடுக்கவில்லை. இத்தகைய திட்டங்களை எடைபோடும்போது எத்தனை வேலை போகும், எத்தனை பசுமை வேலை வரும் என்ற கணக்கைத்தான் அரசுகளும் ஆய்வாளர்களும் முதலில் போடுகிறார்கள். அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, பணம் எந்த வடிவில் வருகிறது என்பது. கடனாக வரும் பணம், வட்டியைத் திருப்பித் தரக்கூடிய இடத்தைத் தேடித்தான் போகும். வேலையிழந்த மனிதரிடம் அது போகாது. தென்னாப்பிரிக்காவின் அனுபவம் இதைத் தெளிவாகவே காட்டுகிறது.

அந்த நாட்டின் நிலையை முதலில் பார்த்துவிடலாம். உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடு என்று உலக வங்கியின் கணக்குகளில் தென்னாப்பிரிக்காதான் முன்னால் நிற்கிறது. வரிப் பதிவுகளையும் குடும்பக் கணக்கெடுப்புகளையும் இணைத்து சாட்டர்ஜி, சைகா, கெத்தின் ஆகிய மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, மேல்தட்டு 10 சதவீதத்தினரிடம் நாட்டின் மொத்தச் சொத்தில் 86 சதவீதம் இருக்கிறது. ஆயிரத்தில் ஒருவராக உச்சியில் இருப்பவர்களின் கையில் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வேலை தேடுவோரில் மூவரில் ஒருவருக்கு வேலை இல்லை. அரசின் நிலையும் மெச்சும்படி இல்லை. வசூலாகும் ஒவ்வொரு ராண்டிலும் சுமார் 22 சென்ட் கடன் வட்டிக்கே போகிறது. மருத்துவத்துக்கோ காவல் துறைக்கோ ஒதுக்குவதைவிட இது அதிகம். அரசு மின் நிறுவனமான எஸ்காம் தனியாக 42,000 கோடி ராண்டுக்கு மேல் கடன் சுமந்து தள்ளாடியது. 2023 பிப்ரவரியில் நிதியமைச்சர் இனோக் கொடோங்வானா 25,400 கோடி ராண்ட் கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. இப்படிக் கழுத்தளவு கடனில் நிற்கும் நாட்டுக்குத்தான் கிளாஸ்கோவில் உதவி அறிவித்தார்கள். அந்த 850 கோடி டாலரில் திருப்பித் தரத் தேவையில்லாத மானியம் சுமார் 4 சதவீதம். மீதியெல்லாம் சலுகை வட்டிக் கடன், வணிகக் கடன், கடனுக்கான உத்தரவாதம்.

பணத்தின் வடிவம் திட்டத்தின் வடிவத்தை எப்படித் தீர்மானித்தது என்பதற்கு, 2022 நவம்பரில் தென்னாப்பிரிக்க அரசு வெளியிட்ட முதலீட்டுத் திட்டமே சாட்சி. ஐந்து ஆண்டுகளுக்குத் தேவை ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி ராண்ட் என்றது அது. மின் துறைக்கு 71,140 கோடி. பச்சை ஹைட்ரஜனுக்கு 31,900 கோடி. மின் வாகனங்களுக்கு 12,810 கோடி. தொழிலாளர்களுக்குப் புதுத் திறன் கற்றுத்தர 270 கோடி! மொத்தத்தில் 0.2 சதவீதம்கூட இல்லை. நியாயமாகச் சொல்வதானால், நிலக்கரி மாகாணமான ம்புமலங்காவின் சமூக, பொருளாதார மறுசீரமைப்புக்கென 6,040 கோடி தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் அதுவும் மொத்தத்தில் 4 சதவீதம்தான். திட்டம் தீட்டியவர்களுக்கு ஈரமில்லை என்று இதற்குப் பொருளல்ல. மின்கம்பித் தடம் போட்டால் கட்டணம் வரும், கட்டணத்திலிருந்து கடனை அடைக்கலாம். ஐம்பது வயதுச் சுரங்கத் தொழிலாளிக்கு இரண்டாண்டு சம்பளத்தோடு பயிற்சி கொடுத்தால் எந்தக் கட்டணம் வரும்? நாட்டுக்கு அதனால் நன்மை உண்டு; கடன் கொடுத்தவருக்குத் தவணை கட்ட அதில் வழியில்லை.

ம்புமலங்காவில் உள்ள கோமாட்டி அனல்மின் நிலையம்தான் இந்த மாற்றத்தின் முதல் சோதனைக்களம். 1961இல் உற்பத்தியைத் தொடங்கி, 1,000 மெகாவாட் திறன் வரை இயங்கிய நிலையம். 2022 அக்டோபர் 31 அன்று மூடியபோது அதில் 121 மெகாவாட் திறனுள்ள ஒரே ஓர் அலகுதான் ஓடிக்கொண்டிருந்தது. மூடிய சில நாட்களிலேயே உலக வங்கி 49.7 கோடி டாலருக்கு ஒப்புதல் அளித்தது. அதில் 43.95 கோடி வங்கியின் கடன், 4.75 கோடி கனடா நிதியிலிருந்து சலுகைக் கடன். மானியம் 1 கோடி. அந்தப் பணத்தில் 150 மெகாவாட் சூரிய மின் நிலையமும் 70 மெகாவாட் காற்றாலையும் மின்கலச் சேமிப்பும் வரும், பயிற்சி மையம் வரும், சூரியத் தகடுகளுக்கு அடியில் விவசாயம் நடக்கும் என்றெல்லாம் சொல்லப்பட்டது. எஸ்காமின் நிரந்தர ஊழியர்களுக்கு வேலை போகவில்லை. வேறு நிலையங்களுக்கு மாற்றினார்கள். வேலை போனது ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு: துப்புரவு, பராமரிப்பு, காவல், நிலக்கரி கையாளுதல் ஆகியவற்றைச் செய்துவந்தவர்களுக்கு. நெய்வேலியை அறிந்தவர்களுக்கு நிரந்தரம், ஒப்பந்தம் என்ற இந்தப் பிரிவினை புதிதல்ல. நிரந்தர ஊழியர் இடம் மாறிப் போனதும் அவர் செலவழித்த சம்பளமும் ஊரைவிட்டுப் போனது. அதை நம்பியிருந்த கடைக்காரரும் வாடகை வீட்டுக்காரரும் எந்த வேலையிழப்புப் பட்டியலிலும் இல்லை. குடியரசுத் தலைவரின் காலநிலை ஆணையம் 2023இல் கோமாட்டியை ஆராய்ந்து, மக்களுக்கான ஏற்பாடுகள் தயாராகும் முன்பே நிலையம் மூடப்பட்டதைக் குறையாகச் சொன்னது. மின்துறை அமைச்சர் ரமோகோபாவும் அந்த மூடலை வெளிப்படையாகக் குறைகூறினார்.

மாற்று வேலை தானே வந்துவிடாதா என்று கேட்கலாம். ஆய்வுகள் அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பல ஆண்டு ஒரே இடத்தில் பணியாற்றி வேலையிழந்தவர்களைப் பற்றி ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் 1993இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் செவ்வியல் ஆய்வாகவே மதிக்கப்படுகிறது. வேலை போய் ஐந்தாறு ஆண்டு கழிந்தும் அவர்களின் வருமானம் முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. கர்ட்டிஸ், ஓகேன், பார்க் ஆகியோர் 30 கோடி வேலை மாற்றங்களை அலசி 2023இல் வெளியிட்ட ஆய்வில், கார்பனை அதிகம் உமிழும் துறைகளின் வேலையை விட்டவர்களில் நேரடியாகப் பசுமை வேலைக்குப் போனவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. வயது கூடியவர்களுக்கும் பட்டப்படிப்பு இல்லாதவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு. இது வேலை எளிதில் கிடைக்கும் அமெரிக்காவின் நிலை. தென்னாப்பிரிக்காவில் பூகோளமே எதிராக நிற்கிறது. எஸ்காமின் 15 நிலக்கரி நிலையங்களில் 12 இருப்பது வடகிழக்கே ம்புமலங்காவில். நல்ல வெயிலும் காற்றும் இருப்பதோ மேற்கிலும் தெற்கிலும் கேப் மாகாணங்களில். 2011இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க மின்சார ஏலத் திட்டத்தின் பெரும்பாலான நிலையங்கள் அங்கேதான் எழுந்தன. அவற்றில் கிடைக்கும் வேலையும் பெரும்பாலும் கட்டுமான வேலை. தகடுகளைப் பொருத்தி முடித்தால் சில காவலர்களும் பராமரிப்பாளர்களும் போதும்.

இங்கேதான் இன்னொரு கடன் வருகிறது. பொருளாதார மாதிரிகள் வேலையைச் சம்பளமாக மட்டும் பார்க்கின்றன. ஏழை நாடுகளில் நிலையான மாதச் சம்பளம் கடன் வாங்குவதற்கான தகுதியும்கூட. தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் சம்பளச் சீட்டை நம்பி வங்கியும் சிறுகடன் நிறுவனமும் ஈடின்றிக் கடன் கொடுத்தன. 'மஷோனிசா' என்று அங்கே அழைக்கப்படும் உள்ளூர் வட்டிக்காரர்கள் ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டே பணம் தருவதை மானிடவியலாளர் டெபோரா ஜேம்ஸ் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிகானா பிளாட்டினச் சுரங்கத்தில் கூலி உயர்வு கேட்ட 34 தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக்கொன்ற பிறகுதான், சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம் கடனுக்கே போய்க்கொண்டிருந்தது என்பது ஊரறிய விவாதமானது. கண்மூடித்தனமாகச் சிறுகடன் கொடுத்த ஆப்பிரிக்கன் வங்கி 2014இல் சரிந்தது. சம்பளத்தைப் பிடித்துக்கொடுக்கும் உத்தரவுகளை நீதிபதியின் மேற்பார்வை இல்லாமல் பிறப்பிக்கக் கூடாதென்று அரசியல் சாசன நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. இப்படிக் கடனோடு பின்னிக்கிடக்கும் சம்பளம் நிற்கும்போது, எட்டு மாதக் கட்டுமான வேலை அதற்கு ஈடாகாது. கூலி சமமாகவே இருந்தாலும் ஈடாகாது. எட்டு மாதத்தை நம்பி எந்த வங்கியும் ஐந்தாண்டுத் தவணை தராது. எண்ணிக்கைக் கணக்கில் ஒரு வேலை போய் ஒரு வேலை வந்திருக்கும். வீட்டிலோ தவணைகள் அப்படியே நிற்கும், சம்பளம் இருக்காது. அரசு தரும் சமூக நிவாரணத் தொகை மாதம் 370 ராண்ட்.

மாற்றத்தின் ஆதாயம் யாருக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். 2022, 2023இல் அடிக்கடி மின்வெட்டு. வசதி உள்ளவர்கள் கூரையில் சூரியத் தகடு போட்டுக்கொண்டார்கள். எஸ்காமின் மதிப்பீட்டின்படி 2022 மார்ச்சில் 983 மெகாவாட்டாக இருந்த கூரை மின்சாரம் 2023 ஜூனில் 4,412 மெகாவாட் ஆனது. அரசும் தகட்டு விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட், வருமான வரியில் கழிவு தந்தது. வருமான வரி கட்டாதவருக்கு அதில் பைசா பயனில்லை. பணக்கார வாடிக்கையாளர்கள் வாங்கும் மின்சாரம் குறைய, எஸ்காமின் நிலைச்செலவு மீதமிருப்பவர்கள் தலையில் ஏறுகிறது. 2023 ஏப்ரலில் 18.65 சதவீதம், 2024இல் 12.74, 2025இல் மறுபடி 12.74 என்று கட்டணம் உயர்ந்தது. சூரிய மின்சாரத்தின் மேல் குற்றமில்லை. மானியத்தை வரிக்கழிவாகக் கொடுத்த முடிவின் மேல்தான் குற்றம்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, சலுகைக் கடன் மலிவானது என்பது. உண்மைதான். 2022இல் பிரான்ஸ், ஜெர்மனி வங்கிகள் கொடுத்த 60 கோடி யூரோவுக்கு வட்டி 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. சந்தையில் வாங்கினால் தென்னாப்பிரிக்கா அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். எப்படியும் கடன் வாங்கத்தான் போகிற அரசு மலிவாக வாங்கினால் என்ன? மின்தடங்களுக்கு இந்த வாதம் முழுக்கப் பொருந்தும். 2022 டிசம்பரில் முடிவான ஆறாவது ஏலச் சுற்றில், கேப் பகுதிகளின் மின்தடத்தில் இடமில்லாமல் ஒரு காற்றாலைத் திட்டம்கூடத் தேர்வாகவில்லை. அங்கே கடன் வாங்கித் தடம் போடுவது சரியான முதலீடு. ஆனால் மக்களுக்கான செலவுக்கு மலிவுக் கடனும் கடன்தான். அதுவும் யூரோவிலும் டாலரிலும் வாங்கிய கடன். 2011இல் 7 ராண்டுக்குக் கிடைத்த டாலருக்கு 2023இல் 18 ராண்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. குறைந்த வட்டியில் மிச்சம் பிடித்ததைச் செலாவணி தின்றுவிடும் அபாயத்தைக் கடன் கொடுத்தவர் ஏற்கவில்லை, வாங்கியவரே சுமக்கிறார்.

இன்னொரு மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் நேரடியாக வேலை செய்பவர்கள் சுமார் 90,000 பேர். வேலையே இல்லாதவர்கள் 80 லட்சம். ஓரளவு நல்ல சம்பளம் வாங்கும் சிறு கூட்டத்துக்குக் கோடிகளைக் கொட்டுவது ஏற்றத்தாழ்வைக் குறைக்கவா, கூட்டவா? பாதி ஏற்கத்தக்க வாதம். நிரந்தர ஊழியருக்கு மட்டும் இழப்பீடு கொடுத்தால் அது நியாயமாகாதுதான். ஆனால் வேலையின்மை இவ்வளவு தலைவிரித்தாடும் நாட்டில் ஒரு சம்பளத்தை நம்பிப் பல வயிறுகள் இருக்கின்றன, நகராட்சிகள் இருக்கின்றன. நகராட்சிகள் எஸ்காமுக்கு வைத்திருக்கும் பாக்கி 2025இல் 10,000 கோடி ராண்டைத் தாண்டியது. நிலக்கரிப் பட்டணமான எமலாலேனியின் நகராட்சி பெரிய பாக்கிதாரர்களில் ஒன்று. அங்கே சம்பளம் நின்றால் அடுத்து நிற்பது தண்ணீரும் குப்பை வண்டியும்.

நிலக்கரியை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ம்புமலங்காவின் நிலக்கரிப் பகுதியின் காற்று மக்களின் அரசியல் சாசன உரிமையையே மீறுகிறது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்களும் இதே தொழிலாளர் குடும்பங்கள்தான். மூட வேண்டும், செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. ஜெர்மனி நிலக்கரியிலிருந்து வெளியேற முடிவெடுத்தபோது தன் நிலக்கரி மாவட்டங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. 58 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம் வரும்வரை உதவித்தொகை கொடுத்தது. அங்கே பழுப்பு நிலக்கரித் துறையில் நேரடியாக வேலை செய்தவர்கள் சுமார் 20,000 பேர். தன் தொழிலாளர்களுக்கு வட்டிக்கடன் கொடுத்து மாற்றத்தைக் கொண்டுவரும் யோசனை ஜெர்மனிக்கே தோன்றவில்லை. அந்த அளவுகோலையே வெளியிலும் வைக்கச் சொல்வது அதிகப்படியான கோரிக்கை அல்ல: மின்தடத்துக்கும் காற்றாலைக்கும் கடன், மனிதர்களுக்கு மானியம். ஒப்பந்தத் தொழிலாளரின் பெயரும் பட்டியலில் ஏற வேண்டும். நிலையம் மூடும் மாதத்திலிருந்து அவர்களின் கடன் தவணைகளை நிறுத்திவைக்க வங்கிகளோடு முன்கூட்டியே உடன்பாடு வேண்டும். இதற்கான தொகை 850 கோடி டாலரில் சிறு பகுதிதான்.

அந்தச் சிறு பகுதியை மிச்சம் பிடித்ததன் விலை இப்போது தெரிகிறது. 2025 மார்ச்சில் அமெரிக்கா ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டது; கூடவே அதன் 100 கோடி டாலருக்கு மேற்பட்ட வாக்குறுதியும் போனது. மின்தட்டுப்பாட்டின் பயமும் கோமாட்டியின் கசப்பும் சேர, அடுத்து மூடியிருக்க வேண்டிய கேம்டன், குரூட்வ்லே, ஹென்ட்ரினா நிலையங்களின் ஆயுளை 2030 வரை நீட்டிக்க எஸ்காம் முடிவெடுத்துவிட்டது.