பன்னிரண்டரை நாட் காற்று 643 ஆன கதை

பாய்மரத்தின் உச்சியில் ஒரு சின்னச் சிறகு இருக்கும். பக்கத்திலேயே மூன்று கிண்ணங்கள் சுழன்றுகொண்டிருக்கும். சிறகு காற்றின் திசையைச் சொல்லும், கிண்ணங்கள் வேகத்தைச் சொல்லும். 1990-களில் கட்டிய பாய்மரப் படகுகள் பலவற்றில் இந்தக் கருவியும், கீழே சுக்கான் பிடிப்பவரின் கண்முன் இருக்கும் காற்றுமானியும் இங்கிலாந்தின் ஆட்டோஹெல்ம் தயாரிப்பாக இருக்கும். வெயிலையும் உப்பையும் முப்பது வருடம் தாங்கிய பிறகும் அவற்றில் பல ஒழுங்காக வேலை செய்கின்றன. படகின் சொந்தக்காரர் ஆசைப்பட்டுப் புதிய தொடுதிரை வரைபடக் கருவி ஒன்றை வாங்கி மாட்டும்போதுதான் தகராறு வருகிறது. உச்சியில் இருப்பது சரியாகவே அளக்கிறது. திரையிலும் பழுதில்லை. ஆனால் அது சொல்வது இதற்குப் புரிவதில்லை.

படகுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பொது முறை ஒன்று வேண்டும் என்று, அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் 1983-இல் ஒரு விதிமுறையை வெளியிட்டது. அதற்கு என்எம்இஏ 0183 என்று பெயர். செய்தி முழுவதும் எழுத்தாகவே போகும். ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கும். பேசுவது யார் என்பதற்கு இரண்டு எழுத்து, பேச்சு எதைப் பற்றி என்பதற்கு மூன்று எழுத்து. பிறகு காற்புள்ளிகளுக்கு இடையே அளவுகள் வரும்: கோணம் 45, வேகம் 12.5, அலகு நாட், தகவல் செல்லுபடியாகும். கடைசியில் நட்சத்திரக் குறியும், வழியில் எழுத்து எதுவும் சிதைந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். ஒரு வரி 82 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. பழைய மடிக்கணினியை இணைத்தாலே போதும், படகு என்ன பேசுகிறது என்று யாரும் திரையில் படித்துக்கொள்ளலாம். நாற்பது வருடம் கழித்தும் இந்த முறை சாகாததற்கு இந்த வெளிப்படைத்தன்மையே முதல் காரணம் என்பேன்.

குறையும் உண்டு. இது தண்டோரா போடுகிற மாதிரி. ஒருவர் சொல்லலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் அதே கம்பியில் இன்னொருவர் வாய் திறக்க முடியாது. பேசும் கருவி ஐந்து இருந்தால் ஐந்து ஜோடி கம்பி வேண்டும். வேகமும் நொடிக்கு 4800 பிட்தான். அதாவது 480 எழுத்து. முழு நீள வரி என்றால் நொடிக்கு ஆறைக்கூட எட்டாது.

ஆட்டோஹெல்ம் இந்தக் கம்பிக் குவியலைத் தவிர்க்கத் தனி வழி கண்டது. சீடாக் என்று பெயரிட்ட அந்த முறையில் மூன்றே கம்பிகள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, செய்திக்கு மஞ்சள், மூன்றாவது எர்த். எல்லாக் கருவிகளும் அதே மஞ்சள் கம்பியில் பேசும். பேசும்போதே தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று குறுக்கே பேசிக் குழம்பினால் நிறுத்திவிட்டு, சற்றுப் பொறுத்து முதலிலிருந்து தொடங்கும். இலக்கணத்தை நிறுவனம் வெளியே விடவில்லை. ஆர்வலர்கள் கம்பியில் ஓடும் மின்துடிப்புகளைப் பதிவுசெய்து, பார்த்துப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அதே 1983-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், கடலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையைத் தொடங்கியிருந்தது. கார்களுக்குள் பெருகிவந்த மின்னணுப் பெட்டிகளை ஒரே ஜோடி கம்பியில் பேசவைக்க வேண்டும். 1986-இல் டெட்ராய்ட் நகரில் அறிமுகமான அந்த ஏற்பாட்டின் பெயர் கேன். இன்றைய படகுகளில் ஓடும் என்எம்இஏ 2000 அதன் மேல்தான் நிற்கிறது. வேகம் நொடிக்கு 2,50,000 பிட். ஒரே முதுகெலும்புக் கம்பியில் ஐம்பது கருவிகள் வரை தொங்கலாம்.

ஐம்பது கருவிகளுக்கு இரண்டே செய்திக் கம்பிகள், நடுவே ஒழுங்குபடுத்த யாரும் இல்லை. இரண்டு கருவிகள் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால்? சீடாக்கில் நடப்பதுபோல இரண்டு பேச்சும் பாழாவதில்லை. ஒன்று கொஞ்சமும் சிதையாமல் போய்ச் சேரும். இந்த நேர்த்தியைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கம்பி மேல் மரியாதை வந்தது.

ஒவ்வொரு செய்தியும் 29 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண்ணோடு தொடங்கும். பூஜ்யம் அனுப்பும் கருவி இரண்டு கம்பிகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாட்டை உண்டாக்கும். ஒன்று அனுப்பும் கருவி எதுவும் செய்யாமல் கம்பியைச் சும்மா விட்டுவிடும். ஆகவே ஒரு கருவி பூஜ்யமும் இன்னொன்று ஒன்றும் ஒரே சமயத்தில் அனுப்பினால் கம்பியில் தெரிவது பூஜ்யமே. எல்லாக் கருவிகளும் அனுப்பிக்கொண்டே கம்பியையும் கவனிக்கும். தான் ஒன்று அனுப்பியிருக்கும்போது கம்பியில் பூஜ்யம் இருந்தால், தன்னைவிடச் சிறிய எண்ணோடு வேறு யாரோ பேசுகிறார்கள் என்று புரிந்துகொண்டு அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொள்ளும். மற்றதற்குப் போட்டி நடந்ததே தெரியாது. படகின் திசை, சுக்கானின் நிலை போன்றவற்றுக்குச் சிறிய எண் தந்திருக்கிறார்கள். வெப்பநிலை காத்திருக்கலாம் என்பதால் அதற்குப் பெரிய எண்.

இந்தப் போட்டி நியாயமாக நடக்க, கம்பியின் மறுகோடியில் இருக்கும் கருவியின் குரலும் ஒரு பிட்டுக்குரிய நேரத்துக்குள் இங்கே வந்துசேர வேண்டும். அந்த நேரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் நான்கு பங்கு. முதுகெலும்பு 200 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதிக்குக் காரணம் இதுவே.

இனி பழைய கருவிக்கு வருவோம். அது என்எம்இஏ 0183 பேசும் கருவி என்றால், அதற்கும் புதிய திரைக்கும் நடுவே கேட்வே என்ற சிறு பெட்டியை வைக்கிறார்கள். அது வெறும் பிளக் மாற்றி இல்லை. ஒரு பக்கம் எழுத்தை வாங்கி, மறுபக்கம் எண்ணாகத் தர வேண்டும். புதிய முறையில் நாட்டும் கிடையாது, பாகையும் கிடையாது. காற்றின் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அலகில் போகும், கோணம் ரேடியனில் பத்தாயிரத்தில் ஒரு பங்காக. 12.5 நாட் அங்கே 643 ஆகும். 45 பாகை 7854 ஆகும். இது உண்மைக் காற்றா, ஓடும் படகு உணரும் காற்றா என்பதற்குத் தனியே ஒரு குறி. அந்தச் செய்தி வகைக்கு எண் 130306. திரை இவ்வளவையும் வாங்கி, மறுபடி நாட்டாகவும் பாகையாகவும் மாற்றி நமக்குக் காட்டும். சீடாக் பேசும் கருவி என்றால் வேறு வகை மாற்றி வேண்டும். ஆட்டோஹெல்மின் வாரிசான ரேமரைன் அதை விற்கிறது.

மொழிபெயர்ப்பில் சில நேரம் பொருள் தொலைந்துபோகும். காற்று தவறினால் பாய்தான் படபடக்கும், ஆழம் தவறினால் படகே தரைதட்டும். பழைய ஆழமானிகள் பல, ஒலியுணரிக்குக் கீழே எத்தனை மீட்டர் தண்ணீர் என்று மட்டுமே ஒரு வரி அனுப்பும். ஒலியுணரிக்கும் அடிக்கட்டையின் நுனிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கழிக்க, பழைய கருவியின் முகப்பில் நாம் பொருத்திவைத்த கழிவு அந்த வரியில் இருக்காது. ஒலியுணரி நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே, அடிக்கட்டையின் நுனி 1.8 மீட்டர் கீழே என்று வையுங்கள். புதிய திரை 2 மீட்டர் என்று காட்டும்போது அடிக்கட்டைக்குக் கீழே மிச்சம் இருப்பது 0.7 மீட்டர்தான். இந்தக் கழிவைத் திரையில் மறுபடி நாமேதான் பதிய வேண்டும்.

பழைய ஜிபிஎஸ் கருவியில் வேறொரு வேடிக்கை. செயற்கைக்கோள்கள் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். கடைசியாக அப்படி நடந்தது 2019 ஏப்ரலில். அதைக் கணக்கில் கொள்ளாத கருவி இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, தேதியை ஏறக்குறைய இருபது வருடம் பின்தள்ளிச் சொல்லும். கேட்வே அதையும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். புதிய முறையின் முழு விதிமுறை இலவசமில்லை, சங்கத்திடம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கேன்போட் போன்ற திறந்த மென்பொருள் திட்டங்கள் அதையும் கம்பியில் ஓடுவதைக் கவனித்துத்தான் அவிழ்த்தன. எழுத்தாகப் பேசிய பழையதை யாரும் கம்பியிலேயே படித்துக்கொள்ள முடிந்தது, இந்த ஒரு விஷயத்தில் அது மேல்.

ஓடுகிற கருவியைக் கழற்றி வீச அவசரம் வேண்டாம். இணைத்து முடித்ததும் மின்சாரத்தை அணைத்து, இரண்டு செய்திக் கம்பிகளுக்கு இடையே மின்தடையை அளந்து பாருங்கள். இரு கோடியிலும் 120 ஓம் தடை சரியாக இருந்தால் 60 ஓம் காட்டும். பிறகு ஈயக்குண்டு கட்டிய கயிற்றைப் பக்கவாட்டில் இறக்கி ஆழத்தை ஒருமுறை கையாலேயே அளந்து, திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஆழமில்லாத துறைக்குள் படகை விடாதீர்கள்.