அப்பாவின் ஜாவா நிமிர்ந்து நின்ற கதை

மைசூரு நகரில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் ‘ஜாவா’ என்ற சொல்லை உச்சரித்தால் போதும். உடனே யாதவகிரியைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். 1960ஆம் ஆண்டு ருஸ்தம் இரானியும் ஃபரூக் இரானியும் தொடங்கிய ஐடியல் ஜாவா நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. அதைத் திறந்து வைத்தவர் மைசூரு மன்னர் ஜெயசாமராஜ உடையார். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று அங்கு உருவான 250 சி.சி. வண்டிகள், பின்னர் ‘யெஸ்டி’ என்ற பெயரில் நாடெங்கும் ஓடின. 1996ஆம் ஆண்டு அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. வண்டிகளோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் தந்தையார் மைசூரு ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். 1969ஆம் ஆண்டு அவர் வாங்கிய அரக்குச் சிவப்பு நிற ஜாவாதான் எங்கள் குடும்பத்தின் முதல் வாகனம். அவர் மறைந்தபின் அது கொல்லைப்புறக் கொட்டகையில் பதினெட்டு ஆண்டுகள் தூசி படிந்து நின்றது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் சகோதரர்கள் நாங்கள் இருவரும் அதை மீண்டும் ஓட வைப்பதென்று முடிவு செய்தோம். எங்களில் மூத்தவர் பள்ளி ஆசிரியர். இளையவர் வங்கி அதிகாரி. இயந்திர அறிவு இருவருக்குமே சொற்பம். ஆர்வத்திற்கு மட்டும் குறைவில்லை.

முதலில் காகிதங்கள்

பழைய வண்டியைப் புதுப்பிக்க நினைப்போர் பலர் முதலில் மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். வங்கிப் பழக்கத்தின் காரணமாக நாங்கள் முதலில் ஆவணங்களைத் தேடினோம். ஆர்.சி. புத்தகம் அம்மாவின் மரப்பெட்டியில், சேமிப்புப் பத்திரங்களுடன் பத்திரமாக இருந்தது.

உரிமையாளர் மறைந்துவிட்டால், வாரிசின் பெயருக்கு வண்டியை மாற்றப் படிவம் 31 அளிக்க வேண்டும். இதைக் காலம் தாழ்த்தாமல் செய்வது நல்லது. பதினெட்டு ஆண்டுகள் தாமதித்த நாங்கள் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த நேர்ந்தது. வண்டியை அம்மாவின் பெயருக்கு மாற்றிக்கொண்டோம். தனியார் வாகனப் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் படிவம் 25 மூலம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆயினும், அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கே அனுமதி உண்டு. அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே எங்கள் நோக்கமாதலால், நாங்கள் வழக்கமான புதுப்பித்தலையே தேர்ந்தோம். எந்த வழியைத் தேர்ந்தாலும் மூன்றாம் நபர் காப்பீடு இன்றி வண்டியைச் சாலையில் இறக்குவது சட்டப்படி குற்றம்.

நாங்கள் செய்த பிழை

பிறகு ஒரு கணக்கேடு திறந்தோம். என்ஜின் வேலை, கார்புரேட்டர், ஆறு வோல்ட் மின் இணைப்புகள், டயர்கள், குரோம் பூச்சு, பெயிண்ட் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. உதிரி பாகங்களுக்காகப் பெங்களூரு ஜே.சி. சாலைக்குப் பலமுறை சென்றோம். அந்தச் சாலை, தொழிற்சாலையைத் திறந்துவைத்த அதே மன்னரின் பெயரைத் தாங்கியது என்பது ஒரு சுவையான பொருத்தம்.

சென்டர் ஸ்டாண்டு என்ற தலைப்பின் கீழ் நாங்கள் எழுதியது ஒரே சொல்: ‘பெயிண்ட்’. வண்டி இத்தனை ஆண்டுகளும் அதன்மீதுதானே நின்றது. இனியும் நிற்கும் என்று எண்ணினோம்.

பெயிண்ட் முடிந்து, குரோம் பளபளக்க, வண்டியை முற்றத்தில் நிறுத்தி அம்மாவை அழைத்தோம். அருகே வந்த அவர் இருக்கையின்மீது கையை வைத்தார். மறுகணம் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அம்மா விழுந்தது எதிர்ப்புறம் நோக்கி. அருகிலிருந்த தூண் அவரைத் தாங்கியது. ஏறத்தாழ 130 கிலோ எடையுள்ள அந்த வண்டி இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே இன்றும் உடல் நடுங்குகிறது. புதிய டேங்கில் பெரிய பள்ளம். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பா நிறுத்தினா இந்த வண்டி அசையவே அசையாதுடா” என்று மட்டும் சொன்னார்.

ஸ்டாண்டின் உள்ளே

ஜாவா தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், தம் வீட்டுத் திண்ணையிலேயே சிறு பட்டறை நடத்தி வருகிறார். வண்டியை அவரிடம் கொண்டு சென்றோம். ஸ்டாண்டைக் கழற்றித் தரையில் வைத்த அவர், பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் கேட்டார்: “நிற்கத் தெரியாத வண்டிக்கு ஓடத் தெரிந்து என்ன பயன், சார்?”

அவர் காட்டிய குறைகள் மூன்று. முதலாவது, ஸ்டாண்டு சட்டத்துடன் இணையும் அச்சுத் துளை. ஆண்டுக்கணக்கில் கிரீஸ் காணாத போல்ட் உராய்ந்து உராய்ந்து, வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகிவிட்டது. அதனால்தான் வண்டி இருபுறமும் ஆடியது. இரண்டாவது, கால்கள். சிமெண்டுத் தரையில் இழுபட்டு இடது கால் வலது காலைவிடக் குட்டையாகத் தேய்ந்திருந்தது. மூன்றாவது, ஸ்டாண்டு முன்னோக்கிச் செல்லும்போது ஓரளவுக்குமேல் செல்லாமல் தடுக்கும் முட்டு. அதில் விழுந்திருந்த விரிசலை நாங்கள் அடித்த புதுப் பெயிண்ட் அழகாக மறைத்துவிட்டது.

லேத் பட்டறையில் துளையை வட்டமாகக் கடைந்து, புதிய புஷ் பொருத்தி, அதற்கேற்ற போல்ட் செய்தோம். தேய்ந்த காலில் வெல்டிங் மூலம் உலோகம் ஏற்றி, இரு கால்களும் சம உயரமாகும்வரை அரம் கொண்டு தேய்த்தோம். முட்டைப் புதிதாகப் பற்றவைத்தோம். உலோக வேலை முழுவதும் முடிந்து, பெரியவர் விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்த பின்னரே பெயிண்ட். நாங்கள் தலைகீழாகச் செய்த வரிசை அது.

செல்லாக் காசு செல்லுபடியான இடம்

எஞ்சியது ஸ்பிரிங். ஸ்டாண்டை மேலே இழுத்துப் பிடிக்கும் இந்தச் சுருள் தளர்ந்தால், ஓட்டும்போது ஸ்டாண்டு கீழே தொங்கி வேகத்தடையில் இடிக்கும். புதிய ஸ்பிரிங்கோ வெறுங்கையால் இழுத்து மாட்ட முடியாத அளவுக்கு விறைப்பானது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் நழுவி முகத்தில் தாக்கக்கூடும்.

பெரியவர் எங்களிடம் பழைய நாணயங்கள் கேட்டார். அப்பாவின் தகர டப்பாவைக் கொண்டு வந்தோம். அலுமினியப் பத்து பைசாக்களை ‘நசுங்கிவிடும்’ என்று ஒதுக்கிவிட்டு, காண்டாமிருகம் பொறித்த எஃகு இருபத்தைந்து பைசாக்களை அவர் எடுத்துக்கொண்டார். ஸ்பிரிங்கின் ஒரு முனையை வைஸில் இறுக்கி, ஒருபுறமாக வளைத்தார். மறுபுறம் சுருள்களுக்கு இடையே திறந்த இடைவெளிகளில் நாணயங்களைச் செருகினார். எதிர்ப்புறம் வளைத்து அங்கும் செருகினார். இவ்வாறு நீண்டுவிட்ட ஸ்பிரிங் எளிதாகக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. ஸ்டாண்டைக் கீழே இழுத்ததும் சுருள்கள் மேலும் விரிய, நாணயங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்ந்தன.

இருபத்தைந்து பைசா நாணயங்கள் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை என்பதை வங்கியில் எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொன்ன நாங்கள், அவை செல்லுபடியாகும் இடத்தை அன்றுதான் கண்டோம்.

பராமரிக்கும் முறை

உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால், ஆண்டுக்கு இருமுறை, மழைக்காலத்திற்கு முன்பும் பின்பும், ஸ்டாண்டுக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். சேற்றைக் கழுவி, அச்சு போல்ட்டுக்குக் கிரீஸ் இடுங்கள். போல்ட்டின் நட்டு தளர்ந்துள்ளதா, ஸ்பிரிங்கின் கொக்கியில் விரிசல் உள்ளதா என்று பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, பின்பக்கத்தைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பின்சக்கரம் தரையைத் தொடாமல் தடையின்றிச் சுழல வேண்டும். தொட்டால், கால்களோ முட்டோ தேய்ந்திருக்கலாம்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றக் கைவலிமை தேவையில்லை. இடப்புறம் நின்று, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறுகையால் இருக்கையின் பின்புறப் பிடியையும் பற்றிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் இரு கால்களும் தரையில் சமமாகப் படிந்தனவா என்று காலால் உணர்ந்தபின், முழு உடல் எடையையும் ஸ்டாண்டின் மிதிமீது செலுத்துங்கள். வண்டி தானாகப் பின்னோக்கி ஏறிக்கொள்ளும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டிமீது குழந்தைகளை ஏற்றி அமர்த்துவதைத் தவிருங்கள்.

வேலை முடிந்து கணக்கேட்டைக் கூட்டிப் பார்த்தோம். ஸ்டாண்டுக்கான செலவு, மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதை முதலில் செய்திருந்தால் டேங்கின் இரண்டாவது பெயிண்ட் செலவு மிஞ்சியிருக்கும். அம்மாவுக்கு அந்த அதிர்ச்சியும் நேர்ந்திராது. குடும்ப வரவு செலவிலும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் செலவுகளுக்கு முதலிடம் தந்து, காப்பீட்டையும் அவசரகாலச் சேமிப்பையும் ‘இருக்கிறதே, போதும்’ என்று தள்ளிவைக்கும் வாடிக்கையாளர்களை நாங்கள் அன்றாடம் சந்திக்கிறோம். அவர்களுக்கு அறிவுரை கூறும் நாங்களே இந்தப் பிழையைச் செய்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வண்டி வீடு திரும்பிய மாலையில் அதை முற்றத்தில் நிறுத்தினோம். ஸ்டாண்டு தரையில் ஊன்றும் ‘டக்’ என்ற ஓசை கேட்டதும் அடுக்களையிலிருந்து அம்மா வெளியே வந்தார். அப்பா பணிமனையிலிருந்து திரும்பும் நேரத்தில் பல்லாண்டுகள் அவர் கேட்டுப் பழகிய ஓசை அது. இம்முறை சற்றுத் தயங்கியே இருக்கையின்மீது கையை வைத்தார். பிறகு இருகைகளாலும் அழுத்திப் பார்த்தார்.

வண்டி அசையவில்லை.